கோமாளி மீனுக்குச் சோடி சேர்க்கிறது (மாரிக்குப் பிறகு திருத்தியது)

கடல்தண்ணீர்த் தொட்டி ஓடத் தொடங்கிச் சில மாதமாகி, மீன் கழிவில் வருகிற நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. அந்த இடத்துக்கு வருவதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

மீன் ஓசெல்லாரிஸ் என்கிற கோமாளி மீன் வகை, அதுவும் தொட்டியில் பிறந்தது. நம்ம கடலில் கிடைக்கிற கிளார்க்கி என்கிற இன்னொரு வகை அழகுதான், ஆனால் சரியான சண்டியன். பாசிக்குடாப் பக்கம் போய்ப் பிடிக்கிற யோசனை வேண்டாம்.

சோடி சேர்க்கிறதில்தான் நான் விழுந்தேன். கடையில் "சோடி" என்று தந்த, ஒரே அளவான இரண்டு பெரிய மீனையும் ஒன்றாக விட்டேன். விடியப் பார்த்தால் ஒன்றின் வால் நூல்நூலாகக் கிழிந்து கிடந்தது. இரண்டுமே பெண்! குஞ்சில் எதுவும் பெண் இல்லை. சேர்ந்து வாழ்கிறதில் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆண். பெண்ணானது திரும்ப ஆணாகாது. அதனால் இரண்டு பெரியவர்களுக்குச் சமாதானம் பேச வழியே இல்லை.

ஆகவே ஒன்று பெரிது, மற்றது அதில் பாதி. சின்னதை மரக்கறி கழுவுகிற பிளாஸ்ரிக் கூடைக்குள் விட்டு, மூடி, தொட்டியில் மிதக்க விடுங்கள். ("மனே, என்ட கூடையக் கண்டியா?" என்று அம்மா ஒரு கிழமை தேடினா.) கடையில் விற்கிற கண்ணாடிப் பெட்டியைவிட இதுதான் எனக்குப் பிடிப்பு, தண்ணீர் நன்றாக ஓடும். பெரியது வந்து முட்டும், முட்டட்டும். ஏழு நாளைக்குப் பிறகு கற்களை இடம்மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து விடுங்கள். துரத்துவது பிரச்சினையில்லை. சின்னது பக்கவாட்டில் சரிந்து உடம்பை நடுக்கிக் காட்டினால் "நீதான் பெரியவ" என்று ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். செட்டை கிழிந்து, சாப்பிடாமல் மூலையில் நின்றால் உடனே பிரியுங்கள்.

பிறகு பொறுமை. முட்டை இட எனக்கு எட்டு மாதம் எடுத்தது. முட்டை இட ஓட்டுத்துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கள், நறுக்கின றால் கொடுங்கள். செம்மஞ்சள் முட்டைகளை ஆண் விசிறிக் காக்கும். முதல் இரண்டு மூன்று தரம் முட்டைகளைத் தாங்களே தின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள். 27, 28 பாகை செல்சியஸில் ஏழெட்டு நாளில் முட்டைக்குள் குஞ்சின் கண்கள் வெள்ளியாக மின்னும். அந்த இரவு விளக்கை அணைத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பொரிக்கும். பம்பை நிறுத்தி, ஒரு மூலையில் டோர்ச் பிடித்தால் குஞ்சுகள் அங்கே கூடும். வலை போடாமல் கோப்பையால் அள்ளுங்கள். அவை முதலில் தின்பது ரொட்டிபர் என்கிற, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நீருயிரைத்தான். அதை முட்டைக்கு முந்தியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். ஆர்ட்டீமியா என்கிற குட்டி உப்புநீர் றால் பிறகு.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர், கரையில் அள்ளின தண்ணீரில் மீன் சோர்ந்துபோனதாக எழுதியிருந்தார். மார்கழியில் அள்ளியிருக்கிறார். மாரியில் வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்து மணலை வெட்டினதும் வாவித் தண்ணீர் கடலில் பரவும், கரையோரத்தில் உப்புக் குறையும். ஆடி ஆவணியில் அள்ளி மூடி வையுங்கள். உப்பு அளக்க மிதக்கிற ஹைட்ரோமீட்டரை நம்பாமல், ஒரு துளியை வைத்துப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025 பக்கம் நிற்கட்டும். வெயில் காலத்தில் ஆவியானதுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வடிகட்டின நல்ல தண்ணீர்தான். கரண்ட் போனால் பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம். என் முதல் குஞ்சுகள் போனது அப்படித்தான்.