என்5 ஜப்பானிய மொழித் தேர்வு: அம்மாப்பேட்டையிலிருந்து ஏற்காடு போகிற பஸ்ஸில் நான் படித்த முறை

முதல் முறை என்5 எழுதியபோது மொத்தம் 88 மதிப்பெண் வாங்கினேன். தேர்ச்சிக்கு 80 போதும். ஆனாலும் முடிவில் ‘தேர்ச்சி இல்லை’ என்றுதான் வந்தது. கேட்டல் பகுதியில் 60-க்கு 16 தான் எடுத்திருந்தேன், அந்தப் பகுதியில் மட்டும் தனியாகக் குறைந்தது 19 வேண்டும். மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120-இல் 72 வாங்கியும் பயனில்லை. அடுத்த முறை கேட்டலில் 41 எடுத்துத் தேறினேன். நடுவில் என்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் சேலத்தில் என்னைப் போலத் தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்கள் பலரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-இல் தொடங்கியது. 2010-இல் மாற்றியமைத்து என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளாக்கினார்கள். என்5 தான் அடி நிலை. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும், ஜூலைத் தேர்வு எல்லா ஊரிலும் இருக்காது. என்5-இல் சொற்கள் 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40 நிமிடம், கேட்டல் 30 நிமிடம். பேசவோ கட்டுரை எழுதவோ தேவையில்லை, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்குவதுதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஒரு வட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

முதல் வேலை: எழுத்து, அதுவும் கையால்

ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து வரிசைகளையும் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கையால் எழுதிப் பழகுங்கள். மூன்று வாரம் போதும். தேர்வில் எழுதச் சொல்லமாட்டார்களே, பின் எதற்கு என்று கேட்பீர்கள். கையால் எழுதியவருக்குத்தான் ஒன்றுபோல இருக்கும் எழுத்துகள் வேகமாக வாசிக்கும்போது குழம்பாது. வெளிநாட்டுப் பெயர்களை எழுதுகிற கதகானாவைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஊர்ப் பெயர்களை எழுதிப் பாருங்கள், ஒரே வாரத்தில் பிடிபடும். ஜப்பானிய மொழியில் ‘ல’ கிடையாது, ஆகவே நம் சேலம் அங்கே ‘சேரமு’ ஆகிவிடும்.

இங்கேதான் நான் விழுந்தேன்: தமிழில் எழுதி வைத்த நோட்டு

முதல் முறை 600 சொற்களுக்கு மேல் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். பார்க்க வசதியாக இருக்கும், வேகமாகவும் போகும். கேட்கிற காதை அதுவே கெடுத்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். ‘மறுபடியும்’ என்பதற்கு ஜப்பானிய மொழியில் ‘மத’. ‘இன்னும்’ என்பதற்கும் ‘மத’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது? ஆனால் அவர்களுக்கு அவை இரண்டு வேறு எழுத்துகள், இரண்டு வேறு ஒலிகள். முதல் சொல்லில் வருவது ‘பத்து’ என்னும்போது வருகிற த, ஒற்றையாக. இரண்டாவதில் வருவது ‘பந்து’ என்னும்போது வருகிற த. நம் மொழியில் அந்த த எங்கே நிற்கிறது என்பதை வைத்தே ஒலி மாறிக்கொள்ளும், அதனால் நமக்கு ஒரே எழுத்து போதும். அவர்களுக்கு அப்படியில்லை, எழுத்தின் மேல் வலப்பக்கம் இரண்டு சின்னக் கோடு போட்டால் ஒலியே வேறு, பொருளே வேறு. நாமோ இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை த வந்தால் பழக்கத்தில் மென்மையாகவே வாசித்துவிடுவோம். ‘ககி’ என்று என் நோட்டில் எழுதி வைத்தது சாவியா, பெர்சிமன் பழமா என்று தேர்வறையில் ஒலிப்பதிவு ஓடும்போது எனக்குத் தெரியவில்லை. க, த, ப மூன்று வரிசையிலும் இதே சிக்கல்தான்.

ஆகவே இரண்டாம் முறை அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு சொல்லைக் கேட்டு அதை நேரடியாக ஹிரகானாவில் எழுதுவது என்று தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் மிகவும் மெதுவாகப் போகும். விட்டுவிடாதீர்கள்.

நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. குறில், நெடில் நம் காதுக்கு நன்றாகவே பழக்கம். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. இந்த வித்தியாசத்தை நீங்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். எ, ஏ, ஒ, ஓ எல்லாவற்றையும் நாம் பிரித்து எழுதுகிறோம், இது பெரிய பலம். ‘கித்தெ’ என்றால் தபால்தலை, நடுவில் ஒரு நொடி மூச்சை நிறுத்திச் சொல்லும் அந்த இரட்டிப்பும் நமக்குப் புதிதில்லை. அது இல்லாமல் ‘கிதெ’ என்றால் ‘வந்து’.

கேட்டலுக்கு என்ன செய்தேன்

தேர்வு நடத்துகிறவர்களே 2012-இலும் 2018-இலும் பயிற்சிப் புத்தகம் வெளியிட்டிருக்கிறார்கள். ஒலிப்பதிவோடு அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதைத் தரவிறக்கம் செய்துகொள்ளுங்கள். ஒரு கேள்வியை எடுத்து, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேட்பேன். மூன்றாம் முறை காதில் விழுந்ததை ஹிரகானாவில் எழுதுவேன். அப்புறம்தான் ஒப்பிடுவேன். தினமும் ஒரே ஒரு கேள்வி, பதினைந்து நிமிடம். தவறாக எழுதிய இடத்தைச் சிவப்பால் வட்டமிட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி வட்டம் க, த, ப வரிசையில்தான் விழுந்திருந்தது.

தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். முதல் இரண்டு வகையில் கேள்வியை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், பிறகு உரையாடல், பிறகு மறுபடி கேள்வி. அதனால் கேள்வியில் வரும் ‘எப்போது’, ‘எது’, ‘யார்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். முதலில் காதில் விழும் நேரத்தையோ விலையையோ உடனே விடை என்று குறித்துவிடாதீர்கள், ‘பத்து மணிக்கு வரட்டுமா’ என்று ஒருவர் கேட்பார், ‘பத்தரைக்கு வாங்களேன்’ என்று மற்றவர் மாற்றுவார். மூன்றாம் வகையில் படம் இருக்கும், அம்புக்குறி காட்டும் ஆள் என்ன சொல்வார் என்பதுதான் கேள்வி. நான்காம் வகையில் தாளில் ஒன்றுமே இருக்காது, முழுக்கக் காது மட்டும். ஒரு கேள்வி தவறிப்போனால் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்கு வந்துவிடுங்கள். நான் முதல் முறை தவறிய ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்து அடுத்த மூன்றையும் இழந்தேன்.

இன்னொன்று. அறையில் ஒலிபெருக்கியில்தான் போட்டார்கள், மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை இயர்போனிலேயே கேட்டுப் பழகியிருந்த எனக்கு எல்லாம் தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. கடைசி ஒரு மாதமாவது போனை அறையின் அந்தக் கோடியில் வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள்.

தேதிகள்: இருபது வளைவு, இருபது நாள்

என் வேலை ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. வீடு அம்மாப்பேட்டை. மலை ஏறும்போது பாதி வழியில் சிக்னல் போய்விடும், அதனால் ஒலிப்பதிவை முந்தின இரவே தரவிறக்கம் செய்துவிடுவேன்.

ஜப்பானிய மொழியில் மாதத்தின் முதல் பத்து நாளுக்கும் தனித்தனிப் பெயர், எண்ணோடு ஒட்டாது. நான்காம் தேதி ‘யொக்கா’, எட்டாம் தேதி ‘யோகா’ (இதில் வரும் க, ‘பக்கம்’ என்பதில் வருகிற வல்லின க, ஒற்றையாக). கேட்டலில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பார்கள். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஒவ்வொரு பலகை வரும்போதும் அந்தத் தேதியைச் சொன்னேன். நான்காவது வளைவில் யொக்கா, எட்டாவதில் யோகா, பதினான்கில் ‘ஜூயொக்கா’, இருபதாவதில் ‘ஹத்சுகா’. சாயங்காலம் இறங்கும்போது தலைகீழாக. இரண்டே வாரத்தில் பத்துத் தேதியும் நாக்கில் ஏறிவிட்டது. பஸ்ஸில் போகாதவர்கள் மாடிப்படி எண்ணிச் சொல்லலாம்.

விலைகளில் 300 ‘சம்ப்யாகு’, 600 ‘ரொப்ப்யாகு’, 800 ‘ஹப்ப்யாகு’ என்று மாறும். ‘ஒன்பது நூறு’ என்று சொல்லாமல் தொள்ளாயிரம் என்று சொல்கிற நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இலக்கணம்: தமிழ் வழியாகவே போங்கள்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆங்கில விளக்கத்தைப் படித்து அதைத் தமிழாக்கிப் புரிந்துகொள்வது சுற்றுவழி. வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, நம்முடையது போலவே. ‘ஒ’ என்றால் ஐ, ‘நோ’ என்றால் உடைய, ‘கர’ என்றால் இருந்து, கேள்விக்குக் கடைசியில் ‘கா’, நம் ‘வந்தானா’வில் வரும் ஆ போல. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்று பெயரெச்சம் வைத்துச் சொல்வதை அப்படியே அதே வரிசையில் சொல்லலாம். எல்லாரையும் பயமுறுத்துகிற ‘தெ’ வடிவம் நம் வினையெச்சம்தான். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோமே, அதே ‘பார்’. (இது என்4-இல் வரும், ஆனால் சந்தோஷத்துக்காக இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.) ‘கொனோ (இந்த), சொனோ, அனோ (அந்த), தோனோ (எந்த)’ என்பவற்றில் சொனோ மட்டும் நமக்குக் குழப்பும், கேட்பவர் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்டுவது அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்கிற ‘உது’வை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்க உதவுகிறது.

ஆனால் ஓரிடத்தில் தமிழ் காலை வாரும். நம்முடைய ‘இல்’ அங்கே இரண்டாகப் பிரியும். ‘சேலத்தில் இருக்கிறேன்’, ‘சேலத்தில் குடியிருக்கிறேன்’ என்றால் ‘நி’. ‘சேலத்தில் வேலை செய்கிறேன்’ என்றால் ‘தெ’, ‘பந்து’ ஒலியில். இருப்பதா, செயலா என்று கேட்டுக்கொண்டால் சரியாக வரும்.

கலைந்த சொற்களை அடுக்கி நட்சத்திரம் போட்ட இடத்தில் வருவது எது என்று ஒரு வகைக் கேள்வி வரும். தமிழ் வரிசையில் அடுக்குங்கள், பெரும்பாலும் பொருந்திவிடும். முதல் இடத்துக்கு உரிய எண்ணைக் குறித்துவிடாதீர்கள், நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

புத்தகமும் செயலியும்

மின்னா நோ நிஹோங்கோ முதல் பாகம், 25 பாடம், என்5-க்கு ஏறக்குறைய இதுவே போதும். ஆங்கில எழுத்தில் ஜப்பானிய மொழியை அச்சடித்திருக்கும் புத்தகம் எதையும் வாங்காதீர்கள், தமிழ் நோட்டில் இருந்த அதே கேடு அதிலும் உண்டு. சொற்களுக்கு அங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலி, ஆண்ட்ராய்டில் இலவசம். மற்றவர் செய்து வைத்த அட்டைகளை இறக்காமல் நீங்களே ஒலியோடு செய்யுங்கள். எத்தனை சொல் வேண்டும் என்று இப்போது அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது, 2010-க்கு முந்தைய அடி நிலைக்குச் சுமார் 800 சொல், 100 கஞ்சி (சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து) என்று இருந்தது, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பமும் தேர்வு நாளும்

ஜூலைத் தேர்வுக்கு மார்ச்சிலிருந்தும், டிசம்பருக்கு ஆகஸ்டிலிருந்தும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடம் குறைவு, கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். எந்தெந்த ஊரில் மையம் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே பாருங்கள். நான் இரண்டு முறையும் சென்னையில் எழுதினேன். முதல் முறை சனிக்கிழமை இரவு ரயில் ஏறித் தூங்காமல் நேராகத் தேர்வுக்குப் போனேன், இரண்டாம் முறை சனிக்கிழமை காலையே கிளம்பி அத்தை வீட்டில் தங்கினேன். முடிந்தால் இரண்டாவது மாதிரி செய்யுங்கள்.

எச்பி பென்சில் இரண்டு, நல்ல அழிப்பான், முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம். போனை முழுவதும் அணைத்துவிட வேண்டும். விதிமீறலுக்கு மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்று காட்டுவார்கள், சிவப்பு வந்தால் தேர்விலிருந்து நீக்கம்தான்.

பிற்சேர்க்கை 1: ஆத்தூரிலிருந்து ஒரு தங்கை இனிஷியல் பற்றிக் கேட்டிருந்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருந்தால் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். சான்றிதழில் அதுதான் வரும், பிறகு விசாவுக்குக் கொடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

பிற்சேர்க்கை 2: முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக என்5 போதுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அந்தத் திறன் பணியாளர் விசாவுக்கு என்5 போதாது. என்4 வேண்டும், அல்லது கணினியில் எழுதுகிற ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் 250-க்கு 200 எடுக்க வேண்டும், அதோடு வேலைத் திறன் தேர்வும் தனியாக உண்டு. என்5-ஐ அதற்கான படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3: விண்ணப்பிக்கும்போது எட்டு இலக்கத்தில் ஒரு கடவு எண்ணை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். டிசம்பர் தேர்வின் முடிவு ஜனவரிக் கடைசியிலும் ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்ட் கடைசியிலும் இணையத்தில் வரும்போது, பதிவு எண்ணோடு அந்த எண்ணும் கேட்கும். ஒரு தம்பி மறந்துவிட்டு முடிவு பார்க்க முடியாமல் தவித்தார். ஹால் டிக்கெட்டைப் படம் எடுத்து வைக்கிற அன்றே அந்த எட்டு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.