லீடர் நரம்பு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயின் நரம்பின் நுனிக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு நரம்புதான் லீடர். அதை வாங்கப் போனால், "எத்தனை கிலோ மீனுக்கு?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். நம் ஆட்களும் "அஞ்சு கிலோ, ஆறு கிலோ" என்று சொல்லி, கொடுப்பதை வாங்கி வருகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி அணையிலோ, பாரூர் ஏரியிலோ, ஒகேனக்கல் பக்கம் காவிரியிலோ நரம்பு அறுந்தால், அது பெரும்பாலும் பாறையிலோ முள்மரக் கட்டையிலோ உரசித்தான் அறுந்திருக்கும். நரம்பு எதில் உரசப் போகிறது என்று பார்த்துத்தான் லீடரின் பலத்தை முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அதே எண்களை எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. கலிபோர்னியா கரையோரம் கயாக்கில் போய்ப் பிடிப்பவர்கள் கெல்ப் என்ற ராட்சதக் கடல்பாசிக்கு நடுவே தூண்டில் போடுகிறார்கள். குளிர்ந்த கடலில் வளரும் அந்தப் பாசி தமிழ்நாட்டுக் கரையிலேயே கிடையாது. நம்மிடம் இருப்பது ஆகாயத்தாமரை, அணையில் தண்ணீர் ஏறும்போது முழுகிப்போகும் கருவேலங்கட்டை, காவிரியின் பாறை. மூன்றுக்கும் கணக்கு வேறு.

ஆகாயத்தாமரையிலும் பாசியிலும் விராலுக்கு ஃப்ராக் (தவளை வடிவப் பொய் இரை) போடுகிறீர்களா? அங்கே லீடரே வேண்டாம் என்பேன். 40 அல்லது 50 பவுண்டு தாங்கும் பிரெய்டை (பின்னல் நரம்பு) நேராக ஃப்ராக்கில் கட்டிவிடலாம். இறுக்கமான பிரெய்டு இளம் தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும். லீடர் போட்டால் அந்த முடிச்சில் பாசி சிக்கி, ஒவ்வொரு தடவையும் கொத்தாக வந்து நிற்கும்.

பாறை என்றால் கதையே வேறு. 40 பவுண்டு பிரெய்டின் தடிமன் 10, 12 பவுண்டு நைலான் அளவுதான் இருக்கும். மெல்லிய இழைகளைப் பின்னியது என்பதால் பாறை விளிம்பில் இழுபட்டால் சட்டென்று போய்விடும். இங்கேதான் தடித்த நைலானோ, ஃப்ளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்போ லீடராக வேண்டும். இரண்டு மூன்று அடி போதும். அடியில் கல் அதிகம் என்றால் ஐந்தடி வரை விடலாம். ஈரத்தில் நைலானின் பலம் கொஞ்சம் குறையும், ஃப்ளோரோகார்பனுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் விலை அதிகம்.

சரி, உரசலைத் தாங்கட்டும் என்று லீடரை மெயின் நரம்பைவிடப் பலமாகப் போட்டுவிடுகிறோம். 20 பவுண்டு பிரெய்டுக்கு 40 பவுண்டு லீடர். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தூண்டில் முள் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டால் லீடர் அறாது. மேலே எங்காவது தேய்ந்த இடத்தில் பிரெய்டு அறும். முப்பது நாற்பது அடி நரம்பு தண்ணீரிலேயே கிடக்கும். அது மட்காது. நீர்க்காகமும் ஆமையும் அதில் சிக்கினால் மீள்வது கடினம். அடுத்த நாள் வலை போட வருபவருக்கும் தொல்லை. லீடர் பலம் எப்போதும் மெயினைவிட ஒரு படி கீழே இருக்கட்டும். 30 பவுண்டு லீடர் வேண்டுமென்றால் மெயினை 40க்கு ஏற்றுங்கள். அப்போது அறுந்தாலும் போவது கையளவு லீடரும் ஒரு முள்ளும்தான்.

பரிசலில் இருந்து பிடிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையும்கூட. பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது. இழுத்த பக்கம் சுற்றும், சாயும். மாட்டிய நரம்பை எழுந்து நின்று இழுக்கவே கூடாது. பிரெய்டைக் கையில் சுற்றி இழுத்தால் தோலை அறுத்துவிடும். பரிசலை மாட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், எதிர்த்திசையிலிருந்து இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும். வராவிட்டால் ஒரு குச்சியில் நரம்பைச் சுற்றி, உட்கார்ந்தபடி நேராக மெதுவாக இழுத்து அறுத்துவிடுங்கள்.

டப்பாவில் போட்ட பலம் அப்படியே கிடைக்கும் என்று நம்புவதும் தவறு. முடிச்சு போட்ட இடத்தில் பலம் குறையும். காய்ந்த நரம்பை அப்படியே இறுக்கினால் உரசும் சூட்டில் இன்னும் குறையும்; எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். ட்ராகை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) லீடர் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். லீடர் 25 பவுண்டு என்றால் சுமார் 11 கிலோ. ஸ்பிரிங் தராசில் கட்டி இழுக்கும்போது மூன்று கிலோவுக்குள் ரீல் நரம்பை விட வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு மீனுக்கும் பிறகு லீடரின் கடைசி ஒரு அடியை இரு விரல் நகத்துக்கு நடுவே வைத்து உருவிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டினாலோ, வெள்ளையாகக் கீறல் தெரிந்தாலோ அந்த அளவை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். வாளை மீன் கடித்த பிறகு இதை விடவே கூடாது. அதன் வாயில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள். வெட்டிய துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துவந்துவிடுங்கள்.

அணைகளில் இறங்கும் முன் மீன்வளத் துறையிடமோ குத்தகைக்காரரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லையில் வனத்துறையைக் கேட்காமல் தூண்டிலை எடுக்காதீர்கள்.