அம்மாவின் நோட்டிலிருந்து ஓர் அறக்கட்டளை: குடும்பமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு

அம்மா புளியந்தோப்பில் பால்வாடி டீச்சர். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்ததற்கு மறு வருடம் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் இறந்த பிறகு பீரோவை ஒழித்தபோது நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடைத்தது. எடை, உயரக் கணக்காக இருக்கும் என்று பிரித்தேன். 'இன்று தானாகச் சாப்பிட்டாள், பாதி சாதம் கீழே.' 'அணில் என்று சொன்னான், முதல் தடவை.' பக்கம் பக்கமாக இப்படித்தான். நானும் தம்பிகள் இருவரும் அறக்கட்டளை தொடங்கியது அந்த நோட்டால்தான்.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். பெரம்பூரில் சின்னத் தம்பி வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அம்மாவின் நகையை விற்ற 6 லட்சத்தை மூலநிதியாக, அதாவது தொடாமல் வைத்து வட்டியை மட்டும் செலவழிக்கும் பணமாக வைப்பது, வட்டியோடு ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் போடுவது என்று முடிவானது. தம்பி மனைவிகளையும் அவசியம் உட்கார வையுங்கள். "நமக்குப் பிறகு இதை யார் அண்ணி பார்ப்பாங்க?" என்று அவர்களில் ஒருத்தி கேட்ட பிறகுதான், அறக்கட்டளையை நடத்தும் அறங்காவலர் விலகினாலோ இறந்தாலோ அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதினோம்.

அப்புறம், பத்திரம் எழுதும் முன்பே ஒரு பால்வாடிக்குப் போய் உட்காருங்கள். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. சும்மா உள்ளே நுழையக் கூடாது. அந்தப் பகுதியின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நான் 12 நாள் காலையில் போனேன்.

சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் நேரத்தைப் பார்த்தால் போதும். குழாய் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. 22 குழந்தைகள் வரிசையில் நிற்க, ஆயா ஒவ்வொருவருக்கும் குவளையில் மொண்டு ஊற்றினார். மூன்று வயதுப் பெண் ஒருத்தி எக்கி எக்கிக் குழாயைத் தொடப் பார்த்தாள். விரல் நுனிகூட எட்டவில்லை. "பொம்மை நிறைய பேர் குடுக்கிறாங்கக்கா. இந்த நேரம் மிச்சமானா ரெண்டு கதை சொல்லிடுவேன்" என்றார் டீச்சர். அன்று இரவு அம்மாவின் நோட்டை மறுபடி எடுத்தேன். 'தானாக' என்ற சொல்தான் அதில் எங்கும். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வலியுறுத்தியதும் இதையே: பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும், அது தானே செய்து பழக வேண்டும். எங்கள் முதல் வேலை முடிவாகிவிட்டது. தாழ்வாக நான்கு குழாய்கள். கட்டடம் மாநகராட்சியுடையது என்றால் அவர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இனி பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நிறுவுபவர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள், எல்லோருடைய அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று, வீடு வேறொருவருடையது என்றால் அவரது சம்மதக் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். நோக்கம் என்ற பகுதியில் நிதானமாக இருங்கள். எங்களுக்கு வந்த மாதிரிப் படிவத்தில் முதியோர் இல்லம், திருமண உதவி என்று இரண்டு பக்கம் இருந்தது. அத்தனையையும் அடித்துவிட்டு 'பிறப்பு முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சி' என்று எழுதினோம். குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று எழுதினால் வரிவிலக்கு போய்விடும். அறங்காவலர்களோ உறவினர்களோ பலன் பெறக் கூடாது, கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்ற இரண்டையும் விடாதீர்கள்.

பதிந்ததும் அறக்கட்டளை பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறைப் பதிவு. இதற்கு நல்ல ஆடிட்டர் போதும். மூலநிதி கொடுப்பவர் அது மூலநிதிக்கு என்று எழுதித் தர வேண்டும். மற்ற வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது.

பராமரிப்புக்கும் பணம் எடுத்து வையுங்கள். எங்கள் குழாய்களில் ஒன்று மூன்றாம் மாதமே ஒழுகியது. இப்போது பிளம்பர் நம்பரை ஆயாவிடமே கொடுத்திருக்கிறோம். அவர் கூப்பிட்டால் போவார், கூலியை நாங்கள் அனுப்பிவிடுவோம்.