தொண்டு நிறுவனக் கடைக்குப் பழைய பொருள் கொடுப்பது எப்படி?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தொண்டு நிறுவனக் கடைகளில் அது செல்லாது. பின்னறையில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பையையும் பிரித்துப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்கிறார்கள். 1902-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் முதல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் வரை எல்லாத் தொண்டு நிறுவனக் கடைகளுக்கும் வழி ஒன்றுதான்: இலவசமாக வரும் பொருளை விற்று, அந்தப் பணத்தில் சேவை செய்வது. விற்காத குப்பையை அகற்றவும் அதே பணம்தான் போகும். அதனால் விற்கக்கூடியதை மட்டும் கொடுங்கள்.

1. முதலில் கேளுங்கள்
கடைக்கு ஒரு போன் போட்டு எதை வாங்குவார்கள், இப்போது இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தலைக்கவசம், குழந்தைகளுக்கான கார் இருக்கை போன்றவற்றைப் பல கடைகள் தொடுவதே இல்லை. ஏற்கெனவே விபத்தில் அடிபட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாதே! மின்சாதனங்களைப் பரிசோதித்த பிறகே விற்க முடியும் என்பதால், அந்த வசதி உள்ள கடைகள் மட்டும் எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் சோபா, மெத்தை என்றால் தீப்பாதுகாப்பு லேபிள் தைத்திருக்க வேண்டும். அதைக் கத்தரித்துவிட்டால் சோபா எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

2. தரம் பிரியுங்கள்
இதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒரு துணியைக் கையில் எடுத்ததும், தெரிந்தவருக்குக் கூச்சமில்லாமல் இதைக் கொடுப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து அக்குள், காலர், ஜிப் மூன்றையும் பாருங்கள். கறை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிழிந்ததைத் தனியே வையுங்கள். சில கடைகள் அதையும் எடை போட்டுப் பழந்துணி வியாபாரிகளுக்கு விற்கும், ஆனால் கேட்டுக்கொண்டு, பை மேல் எழுதிக் கொடுப்பதுதான் முறை.

3. துவைத்து, துழாவுங்கள்
துவைத்து நன்றாகக் காயவைத்த துணி போதும், இஸ்திரி வேண்டாம். பாக்கெட்டுகளையும் கைப்பைகளின் உள்ளறைகளையும் துழாவுங்கள். புத்தகங்களை ஒருமுறை உதறிப் பாருங்கள், அடையாள அட்டை, பணம் எல்லாம் விழும். போன், லேப்டாப் என்றால் கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

4. ஜோடி பிரியாமல் கட்டுங்கள்
செருப்பு, ஷூக்களை ஜோடியாகச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒற்றைச் செருப்பை யார் வாங்குவார்கள்? புதிர்ப் படங்களில் துண்டு குறைந்தால் பெட்டி மேலேயே எழுதுங்கள். கண்ணாடிச் சாமான்களைத் தாளில் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள்.

5. திறந்திருக்கும்போது கொடுங்கள்
இரவில் வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழையில் ஒருமுறை நனைந்தால் மொத்தப் பையும் குப்பைதான். அப்புறம், நீங்கள் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்டு படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூடுதலாக அந்த நிறுவனத்துக்குத் தரும்.