ஓடிப்போன மாலுமிக்காகப் போருக்குப் போகலாமா? இந்தத் தலைப்பில் பேசப்போகிறவர்களுக்கு

கோவை, ஈரோடு பக்கம் கல்லூரி விவாதப் போட்டிக்குப் போகிற பசங்களுக்காக எழுதுகிறேன். "1807-ல் செசபீக் என்ற தன் போர்க்கப்பலைச் சுட்டதற்காக அமெரிக்கா பிரிட்டன்மேல் போர் தொடுத்திருக்க வேண்டுமா?" என்று தலைப்பு கொடுத்தால் கடலே இல்லாத ஊர்க்காரர்கள் நாம் முழிக்கத் தேவையில்லை. எந்த அணி என்று சீட்டுக் குலுக்கித்தான் சொல்வார்கள், அதனால் இரண்டு பக்கமும் தயாராகிவிடுங்கள்.

முதலில் நடந்ததைக் கோவையாகச் சொல்லிப் பழகுங்கள். நெப்போலியனோடு சண்டையில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் பற்றாக்குறை, அடியும் அதிகம், சம்பளமும் குறைவு, மாலுமிகள் அமெரிக்கக் கப்பல்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். 1807 ஜூன் 22 அன்று வர்ஜீனியா கரைக்கு வெளியே 50 பீரங்கி வைத்த லெப்பர்டு என்ற பிரிட்டிஷ் கப்பல் செசபீக்கை மறித்து, ஓடிவந்த ஆட்களைத் தேட வேண்டும் என்று கடிதம் கொடுத்தனுப்பியது. செசபீக்கின் தலைவராக இருந்த கமடோர் ஜேம்ஸ் பாரன், அப்படி யாரும் இருப்பதாகத் தெரியாது என்று பதில் எழுதினார். லெப்பர்டு சுட்டது. மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பிய செசபீக்கின் தளமெல்லாம் சாமான் அடைத்துக் கிடந்தது, பீரங்கிகள் தயாராக இல்லை, சமையலறையிலிருந்து தணலை எடுத்துவந்து ஒரே ஒரு குண்டுதான் சுட முடிந்தது. 3 பேர் அங்கேயே செத்தார்கள், 18 பேருக்குக் காயம். 4 மாலுமிகளைப் பிடித்துப் போனார்கள். அந்தத் தணலை மட்டும் விட்டுவிடாதீர்கள், அரங்கம் அதற்குத்தான் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து அந்த 4 பேரையும் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஜென்கின் ராட்ஃபோர்டு பிரிட்டனில் பிறந்தவர், பொய்ப் பெயரில் செசபீக்கில் சேர்ந்தவர். அவரை இன்றைய கனடாவில் உள்ள ஹாலிஃபாக்ஸில் தூக்கில் போட்டார்கள். மற்ற 3 பேரும் அமெரிக்கர்கள். ஆக, "ஓடிப்போனவனைக் கேட்டது தப்பா?" என்று எதிரணி கேட்டால் ஒருவர் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி, 3 பேர் விஷயத்தில் இல்லை என்று நேராகவே ஒத்துக்கொண்டு மேலே போங்கள்.

யாரைத் தேடினார்கள் என்பதைவிட எங்கே தேடினார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. இதை நம்ம ஊர் நடுவருக்குப் புரியவைக்கப் பள்ளிப்பாளையம் தறிப்பட்டறை போதும். அட்வான்ஸ் வாங்கிய ஆள் பாக்கியோடு பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டால் முதலாளி வாசலில் நின்று "ஏனுங்க, நம்ம ஆளு இங்க ஓட்டறானாமுங்களே" என்று கேட்கலாம், பஞ்சாயத்து வைக்கலாம். கதவை உடைத்து உள்ளே போய் இன்னும் 3 பேரையும் சேர்த்து இழுத்துப் போனால் பேச்சே வேறு. வணிகக் கப்பலை நிறுத்தி ஆள் பிடிப்பதைத் தன் உரிமை என்று சொன்ன பிரிட்டன்கூட இன்னொரு நாட்டுப் போர்க்கப்பலுக்குள் தேடும் உரிமை தனக்கு உண்டு என்று சாதிக்கவில்லை. உத்தரவு போட்ட அட்மிரல் பெர்க்லியைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

போர் வேண்டும் என்ற அணி கிடைத்தால் இந்த இடத்தில் ஊன்றி நில்லுங்கள். போர்க்கப்பல் என்றால் அந்த நாட்டு மண் மாதிரி, அதன்மேல் சுட்டது போர்ச்செயல், ஜனங்களும் அன்றைக்குக் கொதித்துத்தான் கிடந்தார்கள். கூடவே அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் போருக்குப் பதில் தன் நாட்டு ஏற்றுமதிக்கே போட்ட வணிகத் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1807-ல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறு வருஷம் 2.2 கோடிக்கு விழுந்தது. அமைதி வழிக்கும் விலை இருந்தது என்று காட்ட இந்தக் கணக்கு உதவும், திருப்பூர்க்காரர் யாராவது நடுவராக வந்தால் விளக்கவே வேண்டாம்.

வேண்டாம் என்ற அணி கிடைத்தால், என் கணிப்பில் அதுதான் வலுவான பக்கம், காயம் பெரிதா சிறிதா என்று மல்லுக்கட்டாதீர்கள். பெரிது என்றே வைத்துக்கொண்டு, போர் அதை ஆற்றுமா என்று கேளுங்கள். 1805-ல் டிரஃபால்கர் கடற்போரில் ஜெயித்த பிரிட்டிஷ் கடற்படைக்கு முன்னால் அமெரிக்காவிடம் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய கப்பல்கள். 1811-ல் பேச்சுவார்த்தையிலேயே பிரிட்டன் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது, பிடித்துப் போனவர்களில் உயிரோடிருந்த 2 பேர் 1812-ல் திரும்பி வந்தார்கள். அதே வருஷம் போர் வந்தே விட்டது, 1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனை எரித்தது, கடைசியில் போரை முடித்த கெண்ட் உடன்படிக்கையில் மாலுமிகளைப் பிடிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் 1812 போருக்கு இந்தச் சம்பவம் மட்டும்தான் காரணம் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பிரிட்டன் போட்ட வணிகத் தடைகள், மேற்கு எல்லைத் தகராறு என்று வேறு காரணங்களும் இருந்தன. எதிரணி "4 வருஷம் கழித்து வந்த ஈடு ஒரு ஈடா?" என்று மடக்கினால், ஏறக்குறைய 3 வருஷப் போர் அந்த விஷயத்தில் என்ன வாங்கிக் கொடுத்தது என்று திருப்பிக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.