ரவுட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு லேப்டாப்பை வைஃபையில் இணைக்கலாம்

ஒரு லேப்டாப்பில் இருக்கும் ஃபைல் இன்னொன்றில் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் பென்டிரைவைத் தேட வேண்டியதில்லை. இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வீட்டில் ரவுட்டர் இருந்து, இரண்டும் அதே வைஃபையில் இருந்தால் புதிதாக எந்த இணைப்பும் தேவையில்லை, அவை ஏற்கெனவே ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. ஏதாவது ஒன்று கெஸ்ட் வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் அதில் சேர்பவற்றை மற்ற கருவிகளிடமிருந்து பிரித்து வைப்பதுதான் கெஸ்ட் வைஃபையின் வேலையே.

ரவுட்டர் இல்லையா? சரி, ஒரு லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கிவிடலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் மொபைல் ஹாட்ஸ்பாட். அங்கே ஒரு பெயரும் குறைந்தது 8 எழுத்துள்ள பாஸ்வேர்டும் கொடுத்து ஆன் செய்தால், மற்ற லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயர் வந்துவிடும். பழைய குறிப்புகளில் அட்-ஹாக் நெட்வொர்க் என்று ஒரு வழி இருக்கும், அது விண்டோஸ் 7 காலத்து மெனு, இப்போது அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. அந்த லேப்டாப்பில் எந்த நெட் இணைப்புமே இல்லையென்றால் விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்ய விடாது. அப்போது போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டு லேப்டாப்பையும் அதில் சேர்த்துவிடுங்கள், மொபைல் டேட்டாவை ஆஃப் செய்தே வையுங்கள். லேப்டாப்புக்கு லேப்டாப் போகும் ஃபைல் உங்கள் டேட்டாவைத் தின்னாது, ஆனால் நெட் கிடைத்தது என்று விண்டோஸ் பின்னால் அப்டேட் இறக்க ஆரம்பித்தால் தின்னும்.

இணைப்பு வரைக்கும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். இதற்கு அப்புறம்தான் பலர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். விண்டோஸ் புது வைஃபையைப் பொதுவாகப் பப்ளிக் என்றே எடுத்துக்கொண்டு உங்கள் லேப்டாப்பை மறைத்துவிடும். இரண்டிலும் அந்த வைஃபையின் ப்ராபர்ட்டீஸில் போய் ப்ரைவேட் என்று மாற்றுங்கள், பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். அடுத்து பகிர வேண்டிய ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஷேரிங். முழு டிரைவையும் பகிராதீர்கள், ஒரு ஃபோல்டர் போதும்.

ஃபோல்டர் ஹாட்ஸ்பாட் போட்ட லேப்டாப்பில் இருந்தால், இனி மற்ற லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல் பட்டையில் \\192.168.137.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் போட்ட லேப்டாப்புக்கு வழக்கமாக இருக்கும் முகவரி இதுதான். ரவுட்டர் அல்லது போன் வழியாக என்றால், ஃபோல்டர் உள்ள லேப்டாப்பின் வைஃபை ப்ராபர்ட்டீஸில் ஐபிவி4 அட்ரஸ் என்று இருக்கும் எண்ணை எடுத்து, அதேபோல் \\ சேர்த்துப் போடுங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால் சரியான முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம், வைஃபையைத் துண்டித்து மறுபடி சேருங்கள்.

உடனே யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும். அது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, ஃபோல்டர் எந்த லேப்டாப்பில் இருக்கிறதோ அதன் அக்கவுன்ட் பாஸ்வேர்ட். தினமும் திறக்கப் பயன்படுத்தும் பின் நம்பர் இங்கே செல்லாது, பாஸ்வேர்டே வைக்காத அக்கவுன்ட்டையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. எனக்குப் பிடித்த வழி, அந்த லேப்டாப்பில் இதற்கென்றே ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி, நல்ல பாஸ்வேர்ட் வைத்து, அந்த ஃபோல்டரை அந்த அக்கவுன்ட்டுக்கு மட்டும் பகிர்வது. பாஸ்வேர்ட் பாதுகாப்பையே ஆஃப் செய்யச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த வைஃபையில் சேரும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபோல்டரைத் திறக்கலாம் என்று ஆகிவிடும். ஃபயர்வாலையும் அப்படியே விடுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்து அதன் ஃபயர்வால் தடுத்தால், அதிலும் இந்த வைஃபையை நம்பகமானது என்று மாற்றினால் போதும்.

பெரிய ஃபைல் என்றால் லேப்டாப்புகளைப் பக்கத்தில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டைத் தேர்ந்தெடுங்கள், இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். காப்பி முடியும் வரை இரண்டும் ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்ஸை மாற்றி வையுங்கள், பாதியில் தூங்கிவிட்டால் காப்பியும் பாதியில் நின்றுவிடும்.