வாக்காளர் பட்டியல் சாஃப்ட்வேர் வாங்கும் முன்

சட்டமன்றத் தேர்தல் பூத் வேலைக்கு சாஃப்ட்வேர் விற்க வருபவரிடம் விலை பேசும் முன், உங்கள் பாகத்தை, அதாவது உங்கள் பூத்துக்கான வாக்காளர் பட்டியலை, அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள். தேர்தல் ஆணையம் தருவது படமாக உள்ள பிடிஎஃப்; அதை எழுத்தாக மாற்றும்போதுதான் பிழை நுழைகிறது. நான் முதலில் பார்ப்பது கதவு எண்ணை. 4/12 எக்ஸெலில் தேதியாகிவிடும். அப்புறம் ஒரே வீட்டுக்காரர்கள் பட்டியலில் சிதறிப்போவார்கள், சிலிப் கொடுப்பவர் அதே தெருவுக்குத் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதுதான். அடுத்து, ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறிய பெயர்கள். பெயர் சேர்த்தல், நீக்கலுக்கான துணைப் பட்டியலில் நீக்கப்பட்டவர்கள் சாஃப்ட்வேரிலும் நீங்கியிருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள். இறந்தவர் பெயருக்குச் சிலிப்போடு போய்க் கதவைத் தட்டுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கொடுமை. செல்பேசி எண்ணும் சேர்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். ஆணையம் வெளியிடும் பட்டியலில் அது கிடையாது. எங்கிருந்து எடுத்தார் என்றும் கேளுங்கள்.